போர்க்காலக் கலைக்களஞ்சியம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உக்ரைன் போர் பற்றி ரஷ்ய மொழியில் இப்போது இரண்டு கலைக்களஞ்சியங்கள் இருக்கின்றன, ஒன்று மற்றதைப் பார்த்து நகலெடுத்தது என்று எழுதியிருந்தீர்கள். அரசு நினைத்தால் எதையும் மாற்றிவிடலாம் என்றால், எதை நம்பிப் படிப்பது? ஆங்கில விக்கிப்பீடியாவும் மேற்கத்தியப் பத்திரிகைகளை வைத்துத்தானே எழுதப்படுகிறது? இன்னொன்று: என் அக்கா மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவள். போர் பற்றிய கட்டுரைகளை அங்கிருந்தே திருத்தலாமா என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

ச., கோவை

அன்புள்ள ச.,

சாய்வே இல்லாத கலைக்களஞ்சியம் எங்கும் கிடையாது. ஒரு வரி எப்போது மாறியது, யார் மாற்றினார், அதற்கு முன் என்ன இருந்தது என்பதை உங்களால் பார்க்க முடிகிறதா என்றுதான் கேட்க வேண்டும். பார்க்க முடிந்தால் சாய்வைக் கண்டுபிடித்துவிடலாம். அரசின் நெருக்கடி வேறு விஷயம். அது எழுத்தின் மேல் விழுவதைவிட எழுதுகிறவர் மேல்தான் விழுகிறது.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 2015 ஜூனில் விக்கிப்பீடியா முழுவதும் எச்.டி.டி.பி.எஸ் முறைக்கு, அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி தகவலை மறையாக்கி அனுப்பும் முறைக்கு, மாறியது. அதன்பின், நீங்கள் எந்தக் கட்டுரையைத் திறக்கிறீர்கள் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். இரண்டே மாதத்தில் இது சோதனைக்கு வந்தது. கஞ்சாப் பிசினான சரஸ் பற்றிய ஒரே ஒரு ரஷ்யக் கட்டுரையை முடக்கச் சொல்லி ரோஸ்கொம்நாட்சோர், அதாவது ரஷ்யாவின் தகவல் தொடர்புக் கண்காணிப்பு அமைப்பு, உத்தரவிட்டது. ஒரு பக்கத்தை மட்டும் மறிக்க வழியில்லாததால் பல இடங்களில் தளமே முடங்கியது. ஒரு நாளுக்குள் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். துருக்கி அப்படித் திரும்பப் பெறவில்லை. சிரியப் போரில் துருக்கி அரசின் பங்கு பற்றிய பகுதிகளுக்காக 2017 ஏப்ரல் 29 அன்று எல்லா மொழி விக்கிப்பீடியாக்களையும் மூடியது. அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2020 ஜனவரி 15-இல்தான் திறந்தது.

ஆக, அரசின் கையில் இருப்பது முழுப் பூட்டு. அதைப் போட்டால் பள்ளிப்பிள்ளையின் வேதியியல் பாடமும் சேர்ந்து போகும். அதனால் ரஷ்யா 2022-இல் வேறு வழிகளில் இறங்கியது. மார்ச் 1 அன்று, படையெடுப்பு பற்றிய கட்டுரைக்காக ரோஸ்கொம்நாட்சோர் மிரட்டல் கடிதம் அனுப்பியது. மார்ச் 4 அன்று வந்த சட்டம், ராணுவம் பற்றிய 'பொய்த் தகவலுக்கு' 15 ஆண்டுவரை சிறை என்றது. அந்த வசந்தத்தில் மாஸ்கோ நீதிமன்றம், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்கு 50 லட்சம் ரூபிள் அபராதம் விதித்தது. நீக்கச் சொன்ன கட்டுரைகளில் புச்சா படுகொலையும் மரியுபோல் நாடக அரங்கின் மீதான குண்டுவீச்சும் இருந்தன. அறக்கட்டளை நீக்கவில்லை, மேல்முறையீடு செய்தது. ஜூலையில், தேடுபொறிகள் விக்கிப்பீடியாவை 'ரஷ்யச் சட்டத்தை மீறும் தளம்' என்று அடையாளமிட்டுக் காட்ட வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் அறக்கட்டளைக்கு இதெல்லாம் தாங்கக்கூடிய அடி. ரஷ்யாவிலும் பெலாரஸிலும் வாழ்கிறவர்களுக்கு அப்படி அல்ல. 2022 மார்ச்சில் பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்கில், ரஷ்ய விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகளாகத் தொகுத்துவந்த ஒருவரின் விவரங்கள் டெலிகிராமில் வெளியிடப்பட்டன, அவர் கைதானார், பிறகு மூன்று ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுத் தண்டனை பெற்றார். ரஷ்யாவில் விக்கிப்பீடியாவுக்குத் துணைநின்ற விக்கிமீடியா ஆர்.யூ அமைப்பின் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ் கொஸ்லோவ்ஸ்கி 2023 டிசம்பரில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழக வேலையை விட வேண்டிவந்தது. அவர் அங்கே கால் நூற்றாண்டாக இருந்தவர். அமைப்பும் மூடப்பட்டது.

அதே அமைப்பின் முன்னாள் தலைவர் விளாதிமிர் மெதெய்கோ தொடங்கியதுதான், நகலெடுத்தது என்று நீங்கள் குறிப்பிட்ட அந்த இரண்டாவது கலைக்களஞ்சியம், ரூவிக்கி. ரஷ்ய விக்கிப்பீடியாவின் சுமார் 19 லட்சம் கட்டுரைகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அது திருட்டு அல்ல. மூலத்தைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் யாரும் எடுக்கலாம் என்பதே விக்கிப்பீடியாவின் விதி. என்னை அச்சுறுத்துவது வேறு. அங்கே பெரும்பாலான கட்டுரைகளில் கைவைக்கவே இல்லை. தவளை பற்றியும் இயற்கணிதம் பற்றியும் சரியாகவே சொல்லும் ஒரு தளத்தில், போர் பற்றிய பக்கம் மட்டும் மாறியிருந்தால் வாசகருக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்?

இனி உங்கள் மேற்கத்தியச் சாய்வு. குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியா எந்த ஊடகத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ரஷ்ய அரசு ஊடகங்களான ஆர்.டி., ஸ்புட்னிக் இரண்டையும் பொதுவாக மேற்கோளாக ஏற்பதில்லை. பொய்ச் செய்தி வெளியிட்ட வரலாறு அவற்றுக்கு உண்டு, முடிவு சரிதான். ஆனால் சுதந்திரப் பத்திரிகைகள் ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் சிறையில் இருக்கும்போது, 'நம்பகமான ஆதாரம்' என்ற விதியே தராசை ஒரு பக்கம் சாய்க்கும். மொழிக்குள்ளும் சாய்வு உண்டு. உக்ரைனைச் சுட்ட ரஷ்ய மொழியில் 'நா' என்ற முன்னிடைச்சொல் பழைய வழக்கு. சுதந்திர நாடுகளுக்குப் பொதுவாக வரும் 'வ்' வேண்டும் என்பது உக்ரைனின் கோரிக்கை. ரஷ்ய விக்கிப்பீடியா 'படையெடுப்பு' என்று துணிந்து எழுதியது, இடைச்சொல்லில் மட்டும் பழைய 'நா'வையே வைத்துக்கொண்டது.

நீங்களே சோதிக்க ஒரு வழி. கட்டுரைக்கு மேலே வரலாறு என்ற இணைப்பைத் திறந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில் பச்சையிலோ சிவப்பிலோ ஓர் எண் தெரியும். அது கூடிய அல்லது குறைந்த பைட் அளவு. பெரிய சிவப்பு எண் என்றால் பத்தியே போயிருக்கிறது, அது எல்லோர் கண்ணிலும் படும். சின்ன எண்ணைப் பாருங்கள். விக்கிப்பீடியா பயன்படுத்தும் யூ.டி.எஃப்-8 என்ற யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், உயிர்மெய்யில் துணைக்குறி தனிக் கணக்கு. 'படையெடுப்பு' என்பதற்கு 33 பைட், 'போர்' என்பதற்கு 12. ஒருவர் முன்னதை எடுத்துப் பின்னதைப் போட்டால் வரலாற்றில் தெரிவது வெறும் −21. எழுத்துப்பிழை திருத்தியதுபோலத்தான் இருக்கும். அந்த வரியில் முந்தைய பதிப்போடு ஒப்பிடும் இணைப்பைச் சொடுக்கினால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். 'கொல்லப்பட்டனர்' என்பது 'உயிரிழந்தனர்' ஆனதா என்று இதே முறையில் பாருங்கள். மேற்கோள் காட்டுவதாக இருந்தால் கட்டுரையின் பொது முகவரியைத் தராமல், நீங்கள் படித்த பதிப்பின் நிலையான இணைப்பைத் தாருங்கள். பிறகு பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். தலைப்புச் சண்டை முழுக்க அங்கேதான் கிடக்கும்.

நமக்கு இது புதிதல்ல. ஈழப்போரின் கடைசி ஆண்டுகளில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கைக் கட்டுரைகளில் தொகுப்புச் சண்டை முற்றியபோது, இரு தரப்பினரும் சேர்ந்து ஒரு நல்லிணக்கத் திட்டம் வைத்தார்கள். தரப்புச் சார்பான தளத்தை மேற்கோள் காட்டினால் அது யார் சார்பு என்பதை வரியிலேயே சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அதில் உருவானது. 2007-இல் ஈழச் செய்தித் தளமான தமிழ்நெட்டையே இலங்கையில் முடக்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால் அந்த உழைப்பின் அருமை தெரியும்.

உங்கள் அக்கா மகளிடம், அங்கிருக்கும்வரை போர்க் கட்டுரைகளைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். தமிழில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பயனர் பெயருக்குரிய பங்களிப்புகள் பக்கத்தைத் திறந்தால் அவள் செய்த எல்லாத் தொகுப்புகளும் நாள், மணி, நிமிடத்தோடு வரிசையாக வரும். தூங்கும் நேரம்கூடத் தெரியும். பெயரை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றிய குறிப்பும் பொதுவில் இருக்கும். இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என் வழியாகத் தொகுக்கவும் பெரும்பாலும் முடியாது. விஷமிகளைத் தடுக்க அந்த முகவரிகளை விக்கிப்பீடியாவே மறித்திருக்கிறது. தனியாக விலக்கு கேட்க வேண்டும். பயனர் பக்கத்தில் கல்லூரி, ஊர், படம் எதுவும் இருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் இருக்கும், அதை மறைக்க நிர்வாகிகளிடம் கேட்க வேண்டும். அதுவும் பொதுப் பேச்சுப் பக்கத்தில் அல்ல, மின்னஞ்சலில். படிக்கிற மருத்துவத்தைப் பற்றி எழுதட்டும், தமிழில் அதற்குத் தேவை நிறைய இருக்கிறது.