ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆனாலும் வலிக்கிறது. டாக்டர் ‘எல்லாம் மனசுலதான்’ என்கிறார். அப்படியென்றால் என் வலி பொய்யா?

பொய் இல்லை. இதே வார்த்தையைக் கேட்டுவிட்டு, வண்டியை எடுக்கத் தோன்றாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவன் நான்.

எனக்கு இடுப்பு. பாத்ரூமில் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது பிடித்தது, மூன்று வருஷம் விடவில்லை. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘லேசான டிஸ்க் பல்ஜ்’ என்றிருந்தது, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. “இதுக்கு இவ்வளவு வலி வராதே, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் மாமனார், “டிஸ்க் போயிடுச்சுன்னா அவ்வளவுதான் மாப்ள, இனி குனியவே கூடாது” என்றார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இரண்டாவதைத்தான்.

அப்புறம் வலியைப் பற்றித் தேடித்தேடிப் படித்தபோது ஐரீன் ட்ரேசி பெயர் வந்தது. வலி வரும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே வேலையாக இருந்த நரம்பியல் விஞ்ஞானி. 2023 முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவர் குழுவில் உல்ரிக்கே பிங்கல் முன்நின்று செய்த ஒரு சோதனை 2011-ல் வெளியானது. எனக்கு உறைத்தது அதுதான்.

உடம்பில் கோளாறு எதுவும் இல்லாத 22 பேர். ஸ்கேனருக்குள் படுக்கவைத்து காலில் சில நொடி வலிக்கிற மாதிரி சூடு கொடுக்கிறார்கள். ‘வலி நூற்றுக்கு எவ்வளவு?’ என்று கேட்கிறார்கள். சராசரி 66. அடுத்து, அவர்களுக்குத் தெரியாமலே டிரிப்ஸ் வழியாக ரெமிஃபென்டானில் ஏறுகிறது. ஆபரேஷன் தியேட்டரில் கொடுக்கும் வலுவான வலி மருந்து அது. வலி 55 ஆனது. பிறகு ‘இப்போ மருந்து ஆரம்பிக்கிறோம்’ என்கிறார்கள். அளவைத் தொடவே இல்லை, வலி 39-க்கு இறங்கியது. கடைசியாக, ‘மருந்தை நிறுத்திட்டோம், வலி கூடலாம்’ என்றார்கள். 64! மருந்தோ அதே அளவில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மருந்து மட்டும் குறைத்தது 11. சொல்லும் சேர்ந்தபோது 27. பயம் காட்டிய ஒரு வாக்கியம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டது.

‘சும்மா வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லியிருப்பார்கள்’ என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஸ்கேனும் அதையே காட்டியது. நல்லது நடக்கும் என்று நம்பியபோது, மூளை தானாகவே வலியை அடக்கும் அமைப்பு வேலை செய்தது. பயந்தபோது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி முழித்துக்கொண்டது. பதற்றம் வலியைக் கூட்டும்போது அதற்குப் பங்கு உண்டு என்பதை ட்ரேசி இருந்த குழு 2001-லேயே பார்த்திருக்கிறது.

காலில் இருந்து நரம்பு கொண்டுபோவது சேதி மட்டும்தான். அதை வலியாக்குவது மூளை. மூளைத்தண்டில் இருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் ஒரு பாதை, ஏரி மதகு மாதிரி, மேலே வரும் சேதியை மட்டுப்படுத்தவும் செய்யும், திறந்தும் விடும். ஆக ‘மூளையில் உண்டாகிறது’ என்றால் ‘நீ கற்பனை பண்ணுகிறாய்’ என்று அர்த்தம் இல்லை. அடுப்பில் சுட்டுக்கொண்ட வலியும் அங்கேதான் உண்டாகிறது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய விளக்கத்திலும், ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். உங்கள் டாக்டருக்கு யாராவது சொன்னால் தேவலை.

ஒன்று. அந்தச் சோதனையில் இருந்தது சில நொடி சூடு. வருஷக்கணக்கான இடுப்பு வலியை அதோடு அப்படியே ஒப்பிட முடியாது. ‘நல்லதே நினை, சரியாகிவிடும்’ என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஓடுங்கள்.

எனக்கு விஷயம் பிடிபட்டது பிசியோதெரபி அம்மாவிடம்தான். வாளி முன்னால் நிறுத்தி, “தூக்க வேண்டாம் சார், சும்மா பாருங்க” என்றார். பார்த்தேன். மூச்சைப் பிடித்திருந்தேன், பல்லைக் கடித்திருந்தேன், குனியாமலே இடுப்பில் வலி வந்துவிட்டது. “இப்ப எந்த டிஸ்க் நகர்ந்துச்சு?” என்றார். காலி வாளியில் ஆரம்பித்து, சொம்பு சொம்பாகத் தண்ணீர் கூட்டி, ஐந்து மாசத்தில் அரை வாளி வந்தேன். வலி போகவில்லை. பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

போன வாரம் அந்த அரை வாளியை அலட்டாமல் தூக்கிக்கொண்டு வருகிறேன். ஹாலில் உட்கார்ந்திருந்த மாமனார், “பாத்து மாப்ள!” என்றார். அந்த நொடியே சுள்ளென்றது.