பாயான் லெப்பாசில் ஆட்குறைப்பு வந்தால்

கேள்வி: உலகச் சந்தை சரிந்தால் பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் ஆட்குறைப்பு, கொஞ்ச காலத்தில் மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள். பினாங்கு எப்படி எழுந்துவிடுகிறது? என் மகன் அங்கே டெக்னீஷியன். நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பினாங்கும் எழ முடியாமல் தவித்த காலம் உண்டு, அம்மா. 1969-இல் வரியில்லாத் துறைமுகம் என்ற சலுகை பறிபோனபோது, தலைநகர் ஜார்ஜ்டவுனின் பிழைப்பு துறைமுக வியாபாரத்தையே நம்பியிருந்தது. 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கி, இண்டெல் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகே நிலைமை மாறியது.

இன்றைய பலம், ஒரே கைத்திறனைப் பல முதலாளிகள் தேடுவதுதான். சிப் சோதனை இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு மருத்துவக் கருவி ஆலையிலும் இடமிருக்கும். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஹோட்டல்கள் முடங்கியபோது, மின்னியல் ஆலைகள் குறைந்த ஆட்களோடு ஓடின. ஆனால் 2001-இல் உலகம் முழுக்க சிப் விற்பனை சரிந்தபோது, அந்த ஆலைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் அடி. கம்பெனிகள் பல இருந்தும் எல்லாரும் ஒரே சந்தைக்கு விற்றால் அது அரைப் பாதுகாப்புதான்.

வேலையின்மை விகிதம் இறங்கியதும் ‘மீண்டுவிட்டோம்’ என்பதை நான் ஏற்பதில்லை. வேலை தேடுவதையே விட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். பாதிச் சம்பளத்துக்குப் போனவரும் அதில் வேலையில் இருப்பவர்தான்.

மகன் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலும் முதலில் ஓவர்டைம் நிற்கும். அடுத்து ஒப்பந்த ஊழியர்களைப் புதுப்பிக்கமாட்டார்கள். அதன் பிறகே நிரந்தர ஊழியர் மீது கை வைப்பார்கள். ஓவர்டைம் நின்றதுமே, எந்தெந்த இயந்திரத்தில் என்ன வேலை செய்தார் என்பதை அவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த நேர்காணலில் கேட்பது அதைத்தான்.

‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்’ என்றால் கண்டிப்பாகக் கையெழுத்துப் போடக் கூடாது. தானாக விலகியவருக்கு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டத்தில் உதவித்தொகை கிடைக்காது. ஆட்குறைப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்குப் பணம் தவறுவது இந்தக் கெடுவை விடுவதால்தான்.

மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாமல், தொடர்ந்து 12 மாதமாவது வேலை செய்திருந்தால் கம்பெனியும் இழப்பீடு தர வேண்டும். சேவை 2 ஆண்டுக்குக் குறைவென்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். வேலை முடிந்த 7 நாளுக்குள் பணம் வராவிட்டால், கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.