டெக் ஓடுகிறது, டிவியில் படம் இல்லை: என்ன செய்வது?

கேள்வி: அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக் பழைய டிவியில் நன்றாக ஓடியது. புது டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகளே இல்லை. கடையில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி மாட்டியும் 'சிக்னல் இல்லை' என்றே வருகிறது. கல்யாணக் கேசட்டைக் கொடுத்தால் பென்டிரைவில் ஏற்றித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, களியக்காவிளை)

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் அந்தப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஏவி என்பது அந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு இணைப்பு; ஹெச்டிஎம்ஐ என்பது புது டிவியிலுள்ள தட்டையான ஓட்டை. 'ஹெச்டிஎம்ஐ டு ஏவி' என்றிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புது செட்டாப் பாக்ஸைப் பழைய டிவியோடு சேர்ப்பதற்கான பெட்டி அது. உங்களுக்கு வேண்டியது 'ஏவி டு ஹெச்டிஎம்ஐ'. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. கையில் இருப்பதை எடுத்துத் தள்ளிவிடும் கடைக்காரர்களால் இதே பெட்டியோடு என்னிடம் வந்தவர்கள் பலர்.

ஒரு முனையில் மூன்று பின், மறுமுனையில் ஹெச்டிஎம்ஐ என்று வெறும் வயராக விற்பதையும் வாங்காதீர்கள். டெக்கிலிருந்து வருவது அனலாக் சிக்னல். அதை டிஜிட்டலாக மாற்ற உள்ளே ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு 5 வோல்ட் மின்சாரமும் வேண்டும். போன் சார்ஜரே போதும்.

அதற்கும் முன், டிவியின் பின்பக்கம் 'ஏவி இன்' என்று ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெட்டியே வேண்டாம், அதற்குரிய மூன்று பின் கேபிள் போதும். ஓட்டையை வைக்கிற கம்பெனிகள் பல நேரம் அந்தக் கேபிளைத் தருவதில்லை, கடையிலும் யாரும் சொல்வதில்லை. இதற்காகவே பெட்டி வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது. அந்தக் கேபிளில் படமும் சத்தமும் மாறி வந்தால் மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

டெக்கில் 'அவுட்' என்று எழுதிய ஓட்டைகளில்தான் மாட்ட வேண்டும். சத்தத்துக்கு ஒரே ஓட்டை இருந்தால் வெள்ளை மட்டும் போதும். அப்புறம் ரிமோட்டில் சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். படம் விட்டுவிட்டு நீலமானால் டிவி கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். தேய்ந்த டேப்பின் சிக்னலைப் புது டிவிகள் சட்டென்று தள்ளிவிடும். டெக்கின் டிராக்கிங்கை, அதாவது டேப்பைப் படிக்கும் ஹெட் பதிவின் மேல் சரியாகப் பொருந்துவதற்கான அமைப்பை, சரிசெய்து பாருங்கள்.

கேசட்டை வெளியே கொடுப்பதற்கு நியாயமான காரணம் பூஞ்சை. இரண்டு மழையும் கொட்டுகிற நம் பக்கத்தில் இது சாதாரணம். கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். டேப் சுருளில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் டெக்கில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். 2016 ஜூலையோடு டெக் தயாரிப்பே நின்றுவிட்டது, ஹெட் போனால் மாற்றுவது கஷ்டம். அப்படிப்பட்ட கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் நேரில் கொண்டு போங்கள். நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பி வைக்கும் இடைக்கடையிடம் வேண்டாம். தொலைந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். கொடுக்கும்முன் கேசட்டின் முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள், மேலே எதுவும் பதிவாகாது.