‘மற்றும்’ எதற்கு, ‘உம்’ இருக்கும்போது?

கேள்வி: என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘ஓல்தோ இட் வோஸ் ரெய்னிங், பட் ஐ வென்ட் டு ஸ்கூல்’ என்று எழுதினாள். ஆசிரியை ‘பட்’டை வெட்டிவிட்டார். ‘பட் ஸ்டில்’ சரியாம், ‘அண்ட் யெட்’ சரியாம், ‘ஓல்தோ’வும் ‘பட்’டும் மட்டும் சேரக்கூடாதாம். ஆங்கிலத்தில் வினையடைகள் மற்றும் இணைப்புச்சொற்கள் சேர்வதற்கு விதி ஏதும் உண்டா?
— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஆசிரியை வெட்டியது சரி. உங்கள் கேள்வியிலும் நான் ஒரு சொல்லை வெட்ட வேண்டியிருக்கிறது: ‘மற்றும்’.

வெள்ளவத்தைச் சந்தையில் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்? “அரிசியும் பருப்பும் தாங்கோ” என்றுதானே? “அரிசி மற்றும் பருப்பு தாங்கோ” என்று யாரும் கேட்டதில்லை. வாயில் வராத சொல் பேனாவில் மட்டும் எப்படி வருகிறது? ஆங்கில ‘அண்ட்’டுக்கு ஒரு தனிச்சொல் வேண்டும் என்று தேடிய மொழிபெயர்ப்பாளர்கள் கொண்டுவந்து வைத்தது இது. ‘மேலும்’, ‘பிற’ என்ற பொருளில் ‘மற்றும்’ நல்ல தமிழ்தான். இரண்டு பெயர்களுக்கு நடுவே நிற்பது அதன் வேலையல்ல. ஒரு திணைக்களத்தில் படிவம் வாங்கியபோது இதைச் சொன்னேன். “சட்டத் தெளிவுக்காக” என்றார்கள். ‘பெயரும் முகவரியும்’ என்பதில் என்ன தெளிவு குறைகிறது? பட்டியல் நீளமானால் ‘ஆகியன’ இருக்கிறது.

சரி, விதிக்கு வருகிறேன். இணைப்புச்சொல் என்பது இரண்டு வசனங்களைக் கட்டும் கயிறு. இரண்டைக் கட்ட ஒரு கயிறு போதும். ‘ஓல்தோ’ ஒரு கயிறு, ‘பட்’ இன்னொரு கயிறு. அதனால்தான் ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. ‘பிகோஸ்’ என்று தொடங்கி நடுவில் ‘ஸோ’ போடுவதும் இதே பிழை. ‘ஸ்டில்’ கயிறு அல்ல, வினையடை. அது ஒரு வசனத்துக்குள்ளே இருந்து பொருளுக்கு அழுத்தம் கொடுக்கும். ஆகவே எந்தக் கயிற்றோடும் சண்டை பிடிக்காது. ‘ஓல்தோ இட் வோஸ் ரெய்னிங், ஐ ஸ்டில் வென்ட்’ என்று மகள் தாராளமாக எழுதலாம்.

எது கயிறு, எது வினையடை என்று பார்க்க அசைத்துப் பாருங்கள். ‘ஹவெவர்’ வசனத்தின் தொடக்கத்திலும் வரும், நடுவிலும் வரும், கடைசியிலும் வரும். ஆகவே வினையடை. இரண்டு வசனங்களுக்கு நடுவே ஒரு கொமாவைப் போட்டு ‘ஹவெவர்’ என்று எழுதினால் அவை ஒட்டாது; முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். ‘பட்’ இரண்டு வசனங்களும் சந்திக்கும் இடத்தை விட்டு நகராது. ‘யெட்’ இரண்டு வேலையும் செய்யும். ‘அண்ட்’டுக்குப் பக்கத்தில் அது வினையடையாக நிற்பதால் ‘அண்ட் யெட்’ செல்லும்.

ஆனால் உங்கள் மகள் ஏன் அப்படி எழுதினாள் என்பதுதான் எனக்கு முக்கியம். ‘மழை பெய்தாலும் போனேன்’ என்பதில் ‘உம்’ எங்கே இருக்கிறது? முதற்பகுதியின் வாலில், இரண்டும் சந்திக்கும் இடத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஓல்தோ’ தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை எழுதிக்கொண்டே அந்தச் சந்திக்கு வரும்போது அங்கே ஒன்றும் இல்லை. இடம் வெறுமையாகத் தெரிகிறது, ‘பட்’டைப் போட்டு நிரப்புகிறது. இதை அறிவுக்குறைவு என்று யாரும் சொல்லக்கூடாது. அந்தப் பிள்ளையின் காதில் தமிழ் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இந்தச் சந்தியில் சொல் வைத்தார்கள். 1611இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் யோவான் 11:25ஐப் பாருங்கள்: முன்னால் ‘தோ’, பின்னால் ‘யெட்’. தமிழ் வேதாகமத்தில் அது ‘மரித்தாலும் பிழைப்பான்’. அங்கே இரண்டு சொல் செய்த வேலையை இங்கே ஒரு ‘உம்’ செய்துவிட்டது. எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இந்த ‘உம்’முக்கு எட்டுப் பொருள் என்று தொல்காப்பியம் எண்ணிச் சொல்கிறது. ‘அப்பாவும் அம்மாவும்’ என்றால் ‘அண்ட்’. ‘பெய்தாலும்’ என்றால் ‘ஓல்தோ’. இவை ஆங்கிலத்தில் இணைப்புச்சொற்கள். ‘நானும் வருகிறேன்’ என்றால் ‘ஓல்சோ’. ‘குழந்தைக்கும் தெரியும்’ என்றால் ‘ஈவன்’. இவை வினையடைகள். ஆங்கிலம் இரண்டு வகுப்பில் பிரித்து வைத்திருப்பதைத் தமிழ் ஒரே ஒட்டில் வைத்திருக்கிறது. இதை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

‘ஓல்சோ’ என்றதும் எனக்கு இலங்கை அரசியலமைப்பு ஞாபகம் வருகிறது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியது. 1987இல் 13ஆவது திருத்தம் 18ஆம் உறுப்புரையில் தமிழையும் சேர்த்தது. ஆங்கில வாசகத்தில் அந்தச் சேர்ப்பு ‘ஷெல் ஓல்சோ பீ’ என்று வருகிறது. ‘ஓல்சோ’வை எடுத்துவிட்டாலும் அந்த வசனத்தின் இலக்கணம் குறையாது. அது வெறும் வினையடைதானே, தமிழுக்குக் கிடைத்த இடம் ஒரு படி கீழே என்று என்னோடு வாதாடிய நண்பர்கள் உண்டு. இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழில் அது எச்சவும்மை. ‘நானும் வந்தேன்’ என்றால் எனக்கு முன் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று பொருள். நான் அரைகுறையாக வந்தேன் என்று பொருள் அல்ல. அவர்கள் எவ்வளவு வந்தார்களோ அவ்வளவு நானும் வந்தேன். ‘தமிழும்’ என்பதற்கும் அதே கணக்குத்தான். கொழும்பில் தமிழைப் பிழையாக எழுதிய பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் பார்க்கும்போது நான் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

அந்த ‘உம்’மின் உரிமையில்தான் அரசுப் படிவங்கள் தமிழில் அச்சாகின்றன. அப்படி அச்சான படிவத்தில் ‘பெயர் மற்றும் முகவரி’ என்று இருக்கிறது, ‘உம்’மைக் காணோம். நான் பேனாவால் ‘மற்றும்’மை வெட்டி, இரண்டு பக்கமும் ‘உம்’ போட்டு, அதற்குப் பிறகுதான் பெயரையும் முகவரியையும் நிரப்பிக் கொடுக்கிறேன். இதுவரை எந்தப் படிவமும் திரும்பி வரவில்லை.