எது கட்டளை, எது ஆலோசனை? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வேதபாட வகுப்பு எடுக்கிறவன் என்பதால் கேள்விகளை என்னிடம் அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். வசன எண்களைக் கொடுத்திருக்கிறேன், என் வார்த்தையை அப்படியே நம்பாமல் வேதத்தைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஐயா, நீதிமொழிகள் 26-ல் 4-ம் வசனம் மூடனுக்குப் பதில் கொடுக்காதே என்கிறது, 5-ம் வசனம் கொடு என்கிறது. எதைக் கைக்கொள்வது?

பதில்: இரண்டையும்தான், ஆளையும் நேரத்தையும் பார்த்து. இரண்டிலும் காரணம் சொல்லியிருக்கிறது, கவனித்தீர்களா? பதில் கொடுத்தால் நீயும் அவனைப் போல ஆகிவிடுவாய், இது 4. கொடுக்காவிட்டால் அவன் தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வான், இது 5. உறவுக்காரர் குழுவில் ஒருவர் வம்புக்கு இழுக்கும்போது இந்த இரண்டு ஆபத்தில் எது பெரியது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அப்புறம் தட்டச்சு செய்யுங்கள். 'களவு செய்யாதிருப்பாயாக' என்பதற்கு இப்படி எதிர்வசனம் கிடையாது. அது கட்டளை. நீதிமொழி நம்மை நிதானிக்கச் சொல்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பல வீடுகளில் கண்ணீர், அடுத்த கேள்வியும் அதுதான்.

கேள்வி: 'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்.' அப்படித்தான் வளர்த்தேன். மகன் இப்போது சபைப் பக்கமே வருவதில்லை. நான் எங்கே தவறினேன்?

பதில்: சகோதரி, என் அம்மாவின் வேதாகமத்தில் இந்த வசனத்துக்குப் பக்கத்தில் (22:6) என் தம்பியின் பெயர் பென்சிலில் எழுதியிருக்கும். மங்க மங்க மறுபடி எழுதி, அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, பின்பக்கத்து எழுத்து தெரியும். அதனால் இதைப் புத்தகப் பதிலாகச் சொல்லவில்லை. இந்த வசனம் பொதுவாக வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று ஞானி கண்டு சொன்னது, ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிக் கொடுத்த உத்தரவாதம் இல்லை. ஏசாயா 1:2-ல் கர்த்தரே சொல்கிறார், 'நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன். அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்' என்று. அவர் வளர்ப்பில் குறை சொல்வீர்களா? தீர்க்கதரிசி சாமுவேலின் குமாரரும் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள் (1 சாமுவேல் 8:3). 'சரியாக வளர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா' என்று உங்களிடம் யாராவது சொன்னால், குற்றமில்லாமலே எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்களும் அவனிடம் இதே மாதிரிதான் பேசினார்கள், கடைசியில் கர்த்தர் அவர்கள்மேல்தான் கோபப்பட்டார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மகனிடம் சபையைப் பற்றியே பேசாமல், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும்.

கேள்வி: கணவர் அடிக்கிறார். இயேசு சொன்னபடி ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும், திரும்பிப் போ என்கிறார்கள் சபையில்.

பதில்: முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. சட்டத்தின் உதவியைத் தேடுவது அவிசுவாசம் ஆகாது. பவுலே ரோமக் குடியுரிமையைச் சொல்லி சவுக்கடியைத் தடுத்தார் (அப்போஸ்தலர் 22:25). மன்னிப்பதும் திரும்பிப் போய் அவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதும் ஒன்றல்ல. தாவீதைக் கொல்லத் தேடிய ராஜா சவுல் இரண்டு தடவை தாவீதின் கையில் அகப்பட்டான், தாவீது இரண்டு தடவையும் அவன்மேல் கைபோடவில்லை. முதல் தடவை சவுல் சத்தமிட்டு அழுதான். அவன் தன் வீட்டுக்குப் போனான், தாவீதோ அரணான இடத்துக்கு ஏறிப்போனான் (1 சாமுவேல் 24:22). இரண்டாம் தடவை 'நான் பாவஞ்செய்தேன், திரும்பி வா' என்றே கூப்பிட்டான் (26:21). தாவீது போகவில்லை. அவன் மன்னிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? உங்களைத் திரும்பிப் போகச் சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு அதிகாரங்களைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவின் மருத்துவச் செலவுக்கே சம்பளம் போதவில்லை. சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) நிறுத்தினால் பாவமா அண்ணா?

பதில்: தம்பி, மாற்கு 7:9-13 படியுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டார், அது தேவனுடைய வசனத்தை அவமாக்குவது என்றார். 1 தீமோத்தேயு 5:8 இன்னும் கடுமையானது, தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது. அம்மாவுக்கு மருந்து வாங்குங்கள், மனது உறுத்த வேண்டாம். உபாகமம் 14:28-29-ல் மூன்றாம் வருஷத் தசமபாகமே லேவியன் (நிலப்பங்கு இல்லாத ஆலய ஊழியக்காரன்), பரதேசி, திக்கற்றவன், விதவை ஆகியோர் சாப்பிட்டுத் திருப்தியடையத்தான்.

கேள்வி: சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணிய வேண்டும் என்று இரவு இரண்டு மணி வரை பேசித் தீர்க்கப் பார்க்கிறோம், சண்டை பெரிதாகிறது.

பதில்: தூங்குங்கள். பவுல் எபேசியர் 4:26-ல் எடுத்தாளும் சங்கீதம் 4:4 அடுத்து என்ன சொல்கிறது? 'உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்.' தணிய வேண்டியது எரிச்சல், வழக்கு காலையில் பேசிக்கொள்ளலாம்.

கேள்வி: நண்பன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறான்.

பதில்: நீதிமொழிகள் 22:26-27 வேண்டாம் என்கிறது, செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொண்டு போவார்கள் என்று. பவுலோ பிலேமோனின் அடிமையாயிருந்த ஒநேசிமுவின் கடனை 'என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்' என்று பிலேமோனுக்குக் கைப்பட எழுதினார் (பிலேமோன் 18-19). ஆனால் 'நானே செலுத்தித் தீர்ப்பேன்' என்றும் அதோடு சேர்த்து எழுதினார். முழுத் தொகையும் உங்கள் கையை விட்டுப் போனாலும் அவன் நண்பனாகவே இருப்பான் என்றால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் முடிந்ததை இனாமாகக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு போதகரைப் பற்றிய செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. எச்சரிக்கையாகப் பகிரலாமா?

பதில்: உங்களுக்கு நேரில் தெரியுமா? தெரியாது என்றால் பகிராதீர்கள், பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது ஒன்பதாம் கட்டளை, இதில் நிதானிக்க ஒன்றும் இல்லை. தெரியும் என்றால் வாட்ஸ்அப் வேண்டாம், சபை மூப்பர்களிடம் போய் உங்கள் பெயரோடு சொல்லுங்கள். 1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சிகள் கேட்கிறது, 20-ம் வசனம் குற்றம் உண்மையானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. பாதிக்கப்பட்டது பிள்ளைகள் என்றால் மூப்பர்களோடு நிற்காதீர்கள், காவல்துறைக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.