பாதி இரும்பை மாற்றிய பிறகும் அது பழைய கார்தானா?

அன்புள்ள ஐயா,

பர்மிங்ஹாமில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு ஆஸ்டின்-ஹீலி 3000 காரை ஆறு வருடமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். போன மாதம் வேலை முடிந்தது. வெளிர் நீலமும் வெள்ளையுமாக நிற்கிறது. கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் செலவைக் கேட்டபோது தலை சுற்றியது. ஏ.சி. கிடையாது, மழைக்கு ஒழுகுகிறது. இரும்பில் பாதி புதிதாகப் போட்டது. அப்படியிருக்க அதை ஏன் பழைய கார் என்று கொண்டாடுகிறார்கள்? பணக்காரப் பெருமையைத் தாண்டி இதில் ஏதாவது உண்டா?

முரளி

அன்புள்ள முரளி,

உண்டு. பெருமையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நகக்கண்ணில் கிரீஸோடு ஆறு வருடம் ஒருவரை உட்காரவைக்க அது மட்டும் போதாது.

டொனால்ட் ஹீலி 1931 மான்டி கார்லோ கார் ராலியில் வென்றவர். வார்விக்கில் சிறிய அளவில் கார் செய்துகொண்டிருந்தார். 1952 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் தன் புதிய காரை நிறுத்தினார். எஞ்சின் அவருடையதல்ல, ஆஸ்டின் நிறுவனத்தின் ஏ90 அட்லாண்டிக்கிலிருந்து எடுத்தது. ஆஸ்டினின் தலைவர் லெனார்ட் லார்ட் வந்து பார்த்தார். கண்காட்சி முடிவதற்குள் அந்தக் கார் ‘ஆஸ்டின்-ஹீலி 100’ ஆகிவிட்டது. உங்கள் பக்கத்து வீட்டிலிருப்பது அதன் வழியில் 1959இல் வந்த ஆறு சிலிண்டர் வண்டி. மறு ஆண்டே பாட் மாஸ், ஆன் விஸ்டம் என்ற இரண்டு பெண்கள் அதே மாடலை ஓட்டி லியேஜ்-ரோம்-லியேஜ் ராலியை வென்றார்கள். அந்தக் காலத்தின் மிகக் கடுமையான ராலிகளில் ஒன்று அது.

இனி உங்கள் கேள்வி. இந்தக் கார்களின் உடல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், வெஸ்ட் ப்ராம்விச்சில், ஜென்சன் தொழிற்சாலையில் உருவானது. முன்முகமும் பின்பகுதியும் அலுமினியம், மட்கார்டுகள் இரும்பு. இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரமும், குளிர்காலச் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். பெயின்ட் கொப்பளிக்கும், சுரண்டினால் வெள்ளைத் தூள் கொட்டும். அடியில் சட்டங்கள் துருவேறி இற்றுப்போகும். பெரியவர் இரும்பை மாற்றியது ஆசைக்காக அல்ல. மாற்றாவிட்டால் கதவைத் திறந்ததும் வண்டி நடுவில் தொய்ந்துவிடும்.

ஆனால் இந்த உடல்கள் ஒவ்வொன்றையும் கையால் பொருத்தினார்கள். தட்டி, வளைத்து, அராவி, அந்த ஒரு வண்டிக்கென்று இடைவெளியைச் சரிசெய்தார்கள். ஒரு ஹீலியின் பானெட்டைக் கழற்றி இன்னொன்றில் வைத்தால் அப்படியே உட்காராது. அதனால்தான் பிரிக்கும்போது பல பாகங்களின் உட்புறத்தில் அந்த உடலின் எண் அடித்திருப்பதைப் பார்க்கலாம். அந்த எண்ணுள்ள பானெட்டும் டிக்கி மூடியும் அதே உடலில் இருக்கின்றனவா என்றுதான் விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் குனிந்து பார்ப்பார். கேடன் என்ற ஊரில் உள்ள கார் அருங்காட்சியகத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் வண்டி என்று செய்யப்பட்டது, முதலில் என்ன நிறம், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருவார்கள். மிகப் பெரும்பாலானவை அமெரிக்கா போனவை. எவ்வளவு மாற்றியிருந்தாலும் இந்தத் தொடர்ச்சி அறுபடாதவரை அது அதே கார்தான் என்பது என் எண்ணம்.

எனக்குப் பிடிக்காதது வேறொன்று. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இல்லாத கண்ணாடிப் பளபளப்பைப் பூசி, அன்று தட்டிய சுத்தியலின் தடம் எல்லாவற்றையும் பட்டி வைத்து மறைத்துவிடுகிறார்கள். அதைப் புதுப்பித்தல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2011இல் இங்கிலாந்தில் ஏலம் போன ஒரு ஆஸ்டின்-ஹீலி 100எஸ் நினைவுக்கு வருகிறது. 1955 லே மான்ஸ் கார் பந்தயத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தில் சிக்கிய கார் அது. பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த கோலத்திலேயே, புதுப்பிக்காமல் வந்தது. 8,43,000 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர் அந்தத் தூசுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தார்.

ஒரே ஒருமுறை ஒரு நண்பரின் 3000இல், வார்விக் பக்கம், இடது இருக்கையில் போயிருக்கிறேன். கியர்பாக்ஸ் மேடையின் சூட்டில் வலது கால் வெந்தது. சாலையில் சிறு மேடு வந்தாலும் சைலன்சர் உரசியது. இரும்புக் கேட்டை இழுப்பதுபோல் ஒரு கனத்த உறுமல். வேலிப்புதர்களில் பட்டு அது திரும்பி வந்துகொண்டே இருந்தது. பேசவே முடியவில்லை. இறங்க மனமும் வரவில்லை.

உங்கள் பெரியவரிடம் கேளுங்கள், கட்டாயம் ஏற்றிக்கொள்வார். சாவியைத் திருப்பியதும் உடனே ஸ்டார்ட் செய்ய மாட்டார். முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் பம்ப் டக் டக் டக் என்று வேகமாக அடித்து, மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்கும். அதுவரை அவர் காத்திருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பாருங்கள்.

அன்புடன்.