பழைய பம்ப் துப்பாக்கி, கையில் கொஞ்சம் காசு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி, பல வருஷம் அலமாரியில் கிடந்த பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்களை, அதாவது முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளைப் பற்றியவை. எல்லாருக்கும் பொதுவாக முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி உங்கள் பெயரில் முறையான உரிமத்தோடு இருக்க வேண்டும். வேலைக்கு உட்காரும் ஒவ்வொரு தடவையும் தோட்டா அறையையும் மேகசின் குழாயையும் கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவி, காலி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறைக்குள்ளேயே நிஜத் தோட்டா வரக் கூடாது.

கேள்வி: தாத்தாவின் வின்செஸ்டர் மாடல் 12 என் பெயருக்கு மாறி வந்திருக்கிறது. மேலெல்லாம் துரு. அதிகம் செலவு செய்ய முடியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதல் நாள் உப்புத்தாளைத் தொடாதீர்கள். அன்றைக்குப் பார்ப்பது மட்டும்தான் வேலை.

பேரலை (குழலை) கழற்றி உள்ளே ஒருமுறை நன்றாகத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு முனையிலிருந்து பாருங்கள். உட்சுவரில் ஒளி வளையங்கள் ஒரே சீராக ஓட வேண்டும். எங்காவது கறுப்பாக ஒரு வளையம் நிழல் மாதிரி தெரிந்தால் அந்த இடத்தில் பேரல் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். எப்போதோ உள்ளே ஏதோ அடைத்திருக்க, யாரோ சுட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பேரலை இனிச் சுடப் பயன்படுத்தக் கூடாது. சின்னச் சின்னத் துருக்குழிகள் முன்பக்கம் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. தோட்டா அறைக்குப் பக்கத்தில் ஆழமாக இருந்தால் கண்டிப்பாக ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) பார்க்க வேண்டும், ஏனென்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போவது அங்கேதான்.

உங்கள் பட்ஜெட்டின் முதல் பணம் அந்தக் கன்ஸ்மித்துக்கே போகட்டும். போல்ட் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் உறுப்பு) பூட்டிக்கொள்ளும் இடம் தேய்ந்திருக்கிறதா, போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்துவிடுவார். மாடல் 12-ல் பேரலும் ரிசீவரும் (போல்ட் ஓடும் நடு உடல்) சேரும் இடத்தில் தேய்மானத்தை இறுக்கிக்கொள்ள ஒரு வளைய அமைப்பே வைத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் மனம் தளர வேண்டாம்.

இன்னொன்று முக்கியம். மாடல் 12-ல் ட்ரிகரை விடாமல் அழுத்திக்கொண்டே பம்பை முன்னால் தள்ளினால், பூட்டிய கணமே வெடிக்கும். அதைத் தடுக்கும் உறுப்பு அதில் இல்லை. மாடல் 1897-ம் பழைய இதாகா 37-ம் இதே ரகம். புதிய துப்பாக்கியில் பழகிய கை இங்கே தவறு செய்யும், அதனால் பம்ப் அடிக்கும்போது விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

கேள்வி: முழுசாகப் புதுப் ப்ளூயிங் (இரும்பின் மேல் நீலப் பூச்சு) செய்துவிடலாமா? மதிப்பு கூடுமா?

மாடல் 12 1912 முதல் 1964 வரை வழக்கமான உற்பத்தியில் இருந்தது. அந்த வயதுத் துப்பாக்கிக்குத் தொழிற்சாலைப் பூச்சு மங்கிப்போயிருந்தாலும் மதிப்பு அதில்தான். பளபளவென்று மெருகேற்றிப் புதுப் பூச்சு போட்டால் சேகரிப்பவர்கள் பார்வையில் விலை இறங்கும். எழுத்துகள் மழுங்கி, மூலைகள் உருண்டு போனால் அதை யாராலும் திருப்பித் தர முடியாது. வரிசை எண் இருக்கும் இடத்தில் மெருகேற்றவே கூடாது. அது அழிந்தால் சட்டச் சிக்கல் வரும். ஏற்கெனவே பலர் கைபட்டு, பூச்சும் போய், கட்டையும் (தோளில் வைக்கும் மரப் பகுதி) மாறின துப்பாக்கி என்றால் தாராளமாகச் செய்யுங்கள். என்னைக் கேட்டால், கை பிடித்துப் பிடித்து வெளுத்த அந்த இடங்கள்தான் பழைய துப்பாக்கியின் அழகு.

கேள்வி: துருவை எடுக்கக் காசு செலவில்லாத வழி உண்டா? வினிகரில் ஊற வைக்கலாம் என்கிறார்கள்.

வினிகர் வேண்டாம். துருவோடு சேர்த்து மிச்சமிருக்கும் நீலப் பூச்சையும் தின்றுவிடும்.

லேசான துருவுக்கு எண்ணெயும் நான்கு சைபர் (0000, மிக மெல்லிய) ஸ்டீல் உல்லும் போதும். நிறைய எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊற வைத்து, மறுநாள் அழுத்தாமல் தேய்த்தால் செம்பழுப்பு நிறத்தில் எண்ணெய் வழியும். துடைத்துவிட்டு மறுபடி. பொறுமைதான் இதில் செலவு.

துரு செழிப்பாக ஏறியிருந்தால் எனக்கு மிகவும் பிடித்த முறை கொதிக்க வைப்பது. பேரல் நீளத்துக்கு ஒரு தகரத் தொட்டி, வடிநீர், அடுப்பு, அவ்வளவுதான் தேவை. பேரலை அசிட்டோனில் துடைத்து எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் செய்துவிட்டு, நன்றாகக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் போடுங்கள். சிவப்புத் துரு கண்ணெதிரே கறுப்பாக மாறும். வெளியே எடுத்தால் மேலே கறுப்பு வெல்வெட் துணி போர்த்தின மாதிரி இருக்கும். சிவப்பு இரும்பு ஆக்ஸைடு கறுப்பு ஆக்ஸைடாக மாறிவிட்டது. பழைய காலத்தில் துருவேற்றிக் கொதிக்க வைத்து நீலப் பூச்சு போட்டதும் இதே வேதியியலை நம்பித்தான். அந்த வெல்வெட்டை ஸ்டீல் உல்லால் மெதுவாகத் துடைத்தெடுத்தால் அடியில் பழைய பூச்சு, இழந்த இடங்களில் கறுஞ்சாம்பல் நிறம், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். சிவப்பு மிச்சமிருந்தால் இன்னொரு தடவை கொதிக்க வையுங்கள். ஸ்டீல் உல்லில் கடையில் வரும்போதே எண்ணெய் இருக்கும், அதையும் அசிட்டோனில் அலசிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இதை மறந்து நான் ஒரு பேரல் முழுக்கத் திட்டுத் திட்டாக்கி மறுபடி முதலிலிருந்து செய்திருக்கிறேன். முடிந்ததும் சூடு இருக்கும்போதே உள்ளும் புறமும் துடைத்துக் காய வைத்து எண்ணெய் பூசுங்கள்.

கேள்வி: பாட்டிலில் வரும் கோல்டு ப்ளூ (கொதிக்க வைக்காமல் பூசும் நீலத் திரவம்) போட்டேன். மறுநாள் காலையில் மறுபடி துரு!

அது உள்ளே மிச்சமிருந்த அமிலத்தின் வேலை. கோல்டு ப்ளூ திரவங்கள் பலவற்றில் செலினியம் சேர்மமும் தாமிர உப்பும் அமிலமும் இருக்கும். நிறம் பிடித்ததும் நிறைய நீர் விட்டுக் கழுவி, காய வைத்து, எண்ணெயில் ஒரு இரவு ஊற வைக்க வேண்டும். பாட்டில் மேல் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டி விடவும் கூடாது. போடுவதற்கு முன் இரும்பை ஹேர் டிரையரில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் நிறம் சீராகப் பிடிக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், செலினியம் விஷம். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும்: கீறல், முனை தேய்ந்த இடம் போன்ற சின்னத் திருத்தங்களுக்குத்தான் கோல்டு ப்ளூ. முழுத் துப்பாக்கிக்கும் போட்டால் சில மாதங்களில் கைபட்ட இடமெல்லாம் வெளுத்துவிடும்.

கேள்வி: மாஸ்பெர்க் 500-ன் ரிசீவரில் அதே திரவம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

பிடிக்காது. அந்த ரிசீவர் அலுமினியக் கலவை, நீலப் பூச்சு இரும்புக்கானது. அலுமினியத்துக்கென்று தனியாகக் கறுப்பாக்கும் திரவம் வருகிறது, கீறலை மறைக்க அது போதும். முழுசாக மாற்ற நினைத்தால் அடுப்பில் சுட்டு இறுக்கும் பெயின்ட் சிக்கனமான வழி. ரெமிங்டன் 870-ன் ரிசீவர் எஃகு, அதில் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: வால்நட் கட்டை கறுத்துப்போய், ஒட்டுகிறது. இரண்டு மூன்று பள்ளங்கள், ரிசீவர் பக்கம் ஒரு விரிசல். புதுக் கட்டை வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். மரவேலைக்குக் காசு குறைவு, பலன் அதிகம்.

பின்பக்க ரப்பர் பட்டையையோ தகட்டையோ கழற்றினால் உள்ளே நீளமான திருகு போல்ட் தெரியும். பல பம்ப் துப்பாக்கிகளில் கட்டையைப் பிடித்திருப்பது அதுதான். அதன் தலையில் சரியாக உட்காரும் நீளத் திருப்புளி வேண்டும். நழுவி உள்ளே மரத்தைக் குத்திவிட்டால் விரிசல் இரண்டாகிவிடும்.

கறுப்பு பெரும்பாலும் வருஷக்கணக்கில் ரிசீவரிலிருந்து இறங்கி ஊறிய எண்ணெய். துப்பாக்கியை நிமிர்த்தி நிற்க வைத்தே பாதுகாத்ததன் விளைவு. சுண்ணப் பொடியை அசிட்டோனில் குழைத்துப் பற்றுப் போட்டுக் காய விடுங்கள். காய்ந்த பொடி எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பாகி நிற்கும். தட்டிவிட்டு மறுபடி போடுங்கள், நாலைந்து முறை ஆகலாம். அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கமே வேண்டாம்.

பள்ளங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யாதீர்கள். பழைய பூச்சை எடுத்த பிறகு, ஈரத் துணியை நாலாக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில நொடி அழுத்துங்கள். புஸ்ஸென்று ஆவி உள்ளே போய், நசுங்கிய நார் உப்பி மேலே எழும்பும். இதை முதல்முறை பார்க்கும்போது வரும் சந்தோஷமே தனி. நார் அறுந்துபோன வெட்டுக் காயத்துக்கு மட்டும் இது பலிக்காது.

விரிசலை முன்பே கவனித்தது நல்லது, ஒவ்வொரு முறை சுடும்போதும் அது நீளும். லேசாக விரித்து மெதுவாக இறுகும் எபாக்ஸியை உள்ளே ஓடவிட்டு, ரப்பர் பட்டையால் சுற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். எண்ணெய் எடுத்த பிறகுதான் பசை பிடிக்கும்.

தேய்க்கும்போது தாளுக்குப் பின்னால் ஒரு மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். இரும்போடு சேரும் ஓரத்தில் கை வைக்கவே வேண்டாம். அங்கே மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாக இருப்பதுதான் சரி. பிறகு கொதிக்க வைத்த ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய், விரல் நுனியில் சில துளி எடுத்து உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். எட்டு பத்துப் பூச்சு போனால் மரத்தின் ரேகை ஆழத்திலிருந்து தெரியத் தொடங்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடி வையுங்கள்.

கேள்வி: 16 போர் (குழல் அளவு) பழைய துப்பாக்கி. இப்போது கடையில் வரும் தோட்டா சரியாக உள்ளே போகிறது. சுடலாமா?

உள்ளே போவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் போட்டிருப்பது, சுட்ட பிறகு மடிப்பு விரிந்த நீளம். பழைய 16 போர் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மி.மீ., இப்போதைய தோட்டா 70 மி.மீ. மடித்த நிலையில் சுலபமாகப் போய் உட்காரும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் பேரலின் குறுகலுக்குள் நீட்டிக்கொள்ளும், அழுத்தம் ஏறும். அறையை அளந்து பார்க்கக் கன்ஸ்மித்துக்கு ஒரு நிமிஷம் போதும். அதே மாதிரி 12 போரில் 70 மி.மீ. அறைக்கு 76 மி.மீ. தோட்டா கூடாது. பழைய, இறுக்கமான சோக் (பேரல் முனையின் குறுகல்) உள்ள பேரலில் எஃகு ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) உள்ள தோட்டாவும் வேண்டாம்.

12 போரும் 20 போரும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களைத் தனித்தனி இடத்தில் வையுங்கள். 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் நழுவிப் போய் முன்னால் சிக்கி நிற்கும். அறை காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பேரல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதற்குக் காரணமே இதுதான்.

கேள்வி: 870-ல் சுட்ட தோட்டா கழலாமல் ஒட்டிக்கொள்கிறது. எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) மாற்ற வேண்டுமா?

முதலில் அறையைப் பாருங்கள். பத்தில் எட்டு தடவை அங்கே துருவோ உருகின பிளாஸ்டிக் படிவோதான் காரணம். பழைய பித்தளைப் பிரஷ்ஷில் நான்கு சைபர் ஸ்டீல் உல்லைச் சுற்றி, எண்ணெய் விட்டு, கையாலோ மெதுவாக ஓடும் ட்ரில்லாலோ கொஞ்ச நேரம் சுழற்றினால் மினுங்கிவிடும். உப்புத்தாள் கூடாது, அளவு மாறிவிடும். பிறகும் ஒட்டினால் எக்ஸ்ட்ராக்டரையும் அதன் ஸ்பிரிங்கையும் மாற்றுங்கள், விலை அதிகமில்லை. சரியாகிவிட்டதா என்று வீட்டில் டம்மி தோட்டா போட்டு மட்டும் பாருங்கள்.

மேகசின் ஸ்பிரிங்கையும் அப்படியே மாற்றிவிடலாம். குழாய் வாயில் அடைப்பைக் கழற்றும்போது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தள்ளி வைத்து, கண்ணாடி போட்டுச் செய்யுங்கள். நீளமான ஸ்பிரிங், அம்பு மாதிரி பாயும்.

கேள்வி: தோளில் உதை தாங்கவில்லை. என்ன மாற்றலாம்?

ரப்பர் பட்டை. மாற்றங்களிலேயே காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். மலிவானது கட்டையைவிடப் பெரிதாக இருக்கும், அரைத்துப் பொருத்த வேண்டும். திருகு போகும் துளையில் மெல்லியதாகக் கீறி, சோப்பு தடவிய திருப்புளியை விட்டால் ரப்பர் கிழியாது. பொருத்தி, கட்டையின் ஓரத்தை ஒட்டி ஊசியால் ரப்பரில் கோடு இழுத்து, கழற்றித் தனியாக அரையுங்கள். ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்தால் ரப்பர் இழுபடாமல் தூளாக அரைபடும். தடித்த பட்டை போட்டால் கட்டை அந்த அளவுக்கு நீளும், ட்ரிகருக்குக் கை எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். தோளில் வைத்துக் கன்னம் படிந்த நிலையில் மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் நீளம் சரி.

கேள்வி: பேரலை மட்டும் வேறு துப்பாக்கியிலிருந்து எடுத்துப் போடலாமா? நீளம் பிடிக்காவிட்டால் அறுத்துக்கொள்ளலாமா?

மாடலைப் பொறுத்தது. 870-ல் அதே போருக்கான பேரல் கழற்றி மாட்டுவது எளிது. ஆனால் 70 மி.மீ. ரிசீவரில் 76 மி.மீ. பேரல் மாட்டினாலும் 70 மி.மீ. தோட்டாதான் போட வேண்டும். இதாகா 37-ல் வரிசை எண் 855000-க்கு முந்தையவற்றுக்குப் பேரலைக் கன்ஸ்மித் தனியாக இழைத்துப் பொருத்த வேண்டும், அதற்குப் பிந்தையவை நேராக மாற்றிக்கொள்ளலாம். மாடல் 12-ன் பேரலும் பொருத்திப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய ரகம்தான்.

அறுப்பது வேண்டாம். பேரலின் குறைந்தபட்ச நீளத்துக்குச் சட்ட வரம்பு பல நாடுகளில் உண்டு. சோக் இருப்பதும் முனையில்தான், அறுத்தால் அது குப்பைக்குப் போய்விடும், ரவை பரவிச் சிதறும். குட்டைப் பேரல் வேண்டுமென்றால் சட்டம் அனுமதிக்கும் நீளத்தில் தொழிற்சாலைப் பேரலாகப் பழையதை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பழைய பேரலை எண்ணெய் தடவித் துணியில் சுற்றித் துப்பாக்கியோடு சேர்த்தே வையுங்கள்.